பஞ்சும் நீறும்: உலோகத்துள் புகும் ஹைட்ரஜனுக்கு ஓர் உவமை



உவமை பற்றிய பேச்சு என எதிர்பார்த்து வந்த அவையில், உலோகத்தையும் வளியையும் பற்றிய செய்தி முதலில் வருவது வியப்பாக இருக்கலாம். உவமை பிழைபட்டால் என்ன நேரும் என்பதைக் கவிதையைக் காட்டிலும் அறிவியல் உரைநடை தெளிவாகக் காட்டிவிடுகிறது. கவிதையில் பொருந்தா உவமை சுவையைக் கெடுக்கும். படிப்பவர் முகம் சுளித்து அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். அறிவியலைக் கற்பிக்கும் உரைநடையில் பொருந்தா உவமை பொருளையே மறைத்துவிடும். மறைந்தது தெரியாமலே மாணவர் அதை மனப்பாடம் செய்துவிடுவார். இன்றைய பேச்சு அத்தகைய ஓர் உவமையைப் பற்றியது.

ஹைட்ரஜன் வளியைத் தம்முள் ஏற்றுக்கொள்ளும் உலோகங்களும் உலோகச் சேர்மங்களும் உண்டு. அவற்றைப் 'பஞ்சு' என்று கூறும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. பஞ்சு நீரை உறிஞ்சுவது போல உலோகம் வளியை உறிஞ்சுகிறது. பிழிந்தால் பஞ்சு நீரை விடுவது போலச் சூடேற்றினால் உலோகம் வளியை விடுகிறது என்று விளக்குவர். மேலைநாட்டார் இங்கே கருதுவது கடற்பஞ்சு. தமிழில் எழுதுவோர் 'கடல்' என்னும் அடைமொழியை விட்டுவிட்டுப் 'பஞ்சு' என்று மட்டும் எழுதினர். கொங்கு நாட்டில், அதிலும் கருமத்தம்பட்டியிலும் சோமனூரிலும், பஞ்சு என்றால் பருத்திப் பஞ்சுதான். மொழிபெயர்ப்பில் நேர்ந்த இந்த வழுக்கலால் விளைந்தது என்ன என்பது பின்னர்த் தெளிவாகும்.

முதலில் பொருளைக் காண்பது முறை. உவமேயத்தை அறியாமல் உவமையை எடைபோட இயலாது.

இவ்வகைச் சேர்மங்களில் புகழ்பெற்றது லாந்தனமும் நிக்கலும் சேர்ந்தது; ஒரு லாந்தனம் அணுவுக்கு ஐந்து நிக்கல் அணுக்கள் என்பது அதன் கணக்கு. லாந்தனம் என்னும் பெயருக்கு மறைந்திருப்பது என்பது பொருள். சுவீடன் நாட்டு மோசாந்தர் 1839-இல் சீரியம் என்னும் தனிமத்தின் சேர்மங்களுக்குள் ஒளிந்திருந்த இதனைக் கண்டறிந்து, கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயரை அமைத்தார். நிக்கலின் பெயரோ செருமானியச் சுரங்கத் தொழிலாளரின் ஏச்சு மொழியிலிருந்து வந்தது. செம்பு போலத் தோன்றிச் செம்பு தராமல் ஏமாற்றிய கனியத்தை அவர்கள் குறளிப்பேயின் பெயரால் திட்டினர். ஒளிந்திருந்ததும் ஏமாற்றியதும் ஆகிய இவ்விரண்டும் கூடிய சேர்மத்தின் அமைப்பு அடுக்குகளால் ஆனது. ஓர் அடுக்கில் லாந்தனமும் நிக்கலும் கலந்திருக்கும். அடுத்த அடுக்கில் நிக்கல் மட்டுமே இருக்கும். இவ்விரண்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். நிக்கல் மட்டுமே உள்ள அடுக்கை மேலிருந்து நோக்கினால், அறுகோணக் கண் விட்டு முடைந்த மூங்கில் கூடையின் பின்னல் தெரியும். இப்பின்னலுக்கு அறிவியலார் வழங்கும் 'ககோமே' என்னும் பெயரும் சப்பானியர் தம் மூங்கில் கூடைக் கண்ணுக்கு வைத்த பெயரே. அங்கே கூடை முடைவோரின் சொல் இயற்பியலுக்குள் நுழைந்திருக்கிறது. இங்கே அத்தகைய நுழைவு அரிதாகவே நிகழ்கிறது என்பதை இடையில் குறித்துக்கொள்ளலாம்.

அடுக்கு என்றவுடன் அப்பிரகத்தின் ஏடுகளையோ புத்தகத்தின் தாள்களையோ எண்ணிவிடக் கூடாது. அவற்றில் ஏட்டுக்கு ஏடு பிடிப்பு மிகத் தளர்வு, நகத்தால் உரிக்கலாம். இச்சேர்மத்தின் அடுக்குகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியவை. ஆயினும் அணுக்களுக்கிடையே சிறு பொந்துகள் உள்ளன. அப்பொந்துகளே ஹைட்ரஜனுக்கு இருப்பிடம்.

இது வெளிப்பட்ட கதை சுவையானது. நெதர்லாந்தின் எய்ந்தோவன் நகரிலிருந்த பிலிப்ஸ் ஆய்வகத்தார் தேடியது வளிக்கு உறைவிடம் அன்று. வலிமை மிக்க காந்தம். சமாரியமும் கோபால்ட்டும் சேர்ந்த, இதே அடுக்கமைப்புடைய காந்தச் சேர்மத்தை அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தனர். ஹைட்ரஜன் சூழ்ந்த நிலையில் அக்காந்தம் தன் உறுதியில் குறைவதைக் கண்டனர். சில்ஸ்ட்ரா, வெஸ்டென்டார்ப் என்னும் இருவர் 1969-இல் இதனை வெளியிட்டனர். உள்ளே புகுந்த வளி காந்தத்தின் பண்பை மாற்றியிருந்தது. அதனைத் தொடர்ந்து 1970-இல் அதே ஆய்வகத்தைச் சேர்ந்த வான் வூக்ட் முதலியோர், லாந்தனம்-நிக்கல் சேர்மம் அறை வெப்பநிலையிலேயே பெருமளவு ஹைட்ரஜனை ஏற்கவும் விடவும் வல்லது என்று அறிவித்தனர். இத்துறையின் தொடக்கமே பண்பு மாற்றத்தில்தான் இருக்கிறது என்பது இங்கே கருதத்தக்கது. வளியைச் சேமித்தல் பின்னால் வந்த பயன்.

இனி நிகழ்வு. ஹைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக இணைந்து மூலக்கூறாகவே வளியில் திரிகின்றன. அம்மூலக்கூறு உலோகத்தின் மேற்பரப்பை அடைந்ததும் இணை பிரிகிறது. பிரிந்த ஒற்றை அணுக்களே உள்ளே செல்கின்றன. இணையாகச் செல்ல வழியில்லை. முதன்முறை உலோகம் எளிதில் இடங்கொடாது. காற்றுப்பட்டு மேலே படிந்த ஆக்சைடுப் படலம் கதவடைத்தாற்போல் நிற்கும். சூடும் அழுத்தமும் தந்து அந்தக் கதவைத் திறந்த பின்னரே மற்ற வேலை நடக்கும். திறந்தபின் அறை வெப்பநிலையில் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தமே போதும். ஒரு லாந்தனத்துக்கும் ஐந்து நிக்கலுக்கும் ஆறு ஹைட்ரஜன் அணுக்கள் வரை குடியேறுகின்றன. குடியேறிய அணுக்களின் நெருக்கம், திரவ ஹைட்ரஜனில் உள்ள நெருக்கத்தையும் விஞ்சுவது. திரவமாக்க வேண்டுமானால் வெப்பநிலையைப் பூச்சியத்துக்குக் கீழ் 253 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இங்கே அறையின் வெதுவெதுப்பிலேயே அதனினும் நெருக்கமாக அடங்கியிருக்கிறது.

தமிழ்ப் பாடநூல்கள் இந்நிகழ்வுக்கு 'உட்கவர்தல்' என்னும் சொல்லை ஆள்கின்றன. மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்தல். உள்ளே வாங்கிக்கொள்வது உட்கவர்தல். சொல்லாக்கம் என்னும் முறையில் செம்மையானதே. எனினும் 'கவர்தல்' என்னும் வினை, கவர்பவரை வலியவராகவும் கவரப்படுவதைச் செயலற்றதாகவும் காட்டும். ஆநிரை கவர்ந்தவர் கரந்தையாரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருந்ததே தவிர, ஆநிரையால் தாம் மாறிப்போவோம் என்று அஞ்சவில்லை. உலோகத்தின் கதை அப்படியன்று. இங்கே கவர்ந்தது மாறுகிறது.

எப்படி மாறுகிறது? முதலில் பருமன். ஹைட்ரஜன் முழுமையாகப் புகுந்த பின் இச்சேர்மத்தின் பருமன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. எடையோ நூற்றுக்கு 1.4 பங்குதான் கூடுகிறது. அணுக்களிலெல்லாம் எடையில் மிகக் குறைந்தது, தான் புகுந்த வீட்டின் சுவர்களை இவ்வளவு தள்ளிவைத்துவிடுகிறது. உலோகம் இழுபடும் இயல்பினது என்று எண்ணுவோர்க்கு இது பெரிதாகத் தோன்றாமல் போகலாம்; இவ்வகைச் சேர்மங்கள் கண்ணாடி போல் நொறுங்கும் தன்மையுடையவை. ஒரு துண்டின் வெளிப்பகுதி பருத்தும் உட்பகுதி பருக்காமலும் இருக்கும் இடைநிலையில் விரிசல் ஓடுகிறது. துண்டு பிளந்து சிறு துண்டாகிறது. சிறு துண்டு துகளாகிறது. ஏற்றலும் விடுதலும் மீண்டும் மீண்டும் நிகழ, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கே அளவுள்ள பொடியாக முடிகிறது. ஹைட்ரஜன் வெளியேறும்போது அடுக்குகள் பழைய இடைவெளிக்குத் திரும்பிவிடும். பொடி மீண்டும் கட்டியாவதில்லை.

இப்போது உவமைக்கு வரலாம். தொல்காப்பியர் உவமவியலில் வினை, பயன், மெய், உரு என நால்வகை அடிப்படைகளைக் கூறுகிறார் என்பது இவ்வவை அறிந்தது. தண்டியலங்காரம் பண்பு, தொழில், பயன் என மூன்றாக்கிக் கூறும். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும், கடற்பஞ்சு என்னும் உவமை பயன் ஒன்றில் மட்டுமே பொருந்துகிறது: வாங்குகிறது, கொடுக்கிறது. வினையில் பொருந்தவில்லை. கடற்பஞ்சின் பொந்துகளில் நீர் நீராகவே தங்குகிறது. மூலக்கூறு பிரிவதில்லை, வெப்பம் குறிப்பிடும்படி எழுவதில்லை. மெய்யிலும் பொருந்தவில்லை. பஞ்சு மென்மை, சேர்மம் நொறுங்குவது. பஞ்சைப் பிழிந்தால் பழைய பஞ்சு; இங்கே மிஞ்சுவது பொடி. ஓர் உவமை பயனில் மட்டும் பொருந்தினால் போதாதா என்று வினவலாம். பவளம் போன்ற வாய் என்னும்போது நிறம் ஒன்றே போதுமானதாகத்தான் இருக்கிறது. பவளத்தின் கடினத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் கவிதையில் விடுபடும் கூறு விடுபட்டதாகவே நின்றுவிடும். பொறியியலில் விடுபட்ட கூறு திரும்பி வரும்.

அது திரும்பி வந்த விதம் இது. இப்பொடியை உலோகக் குழாய்களில் அடைத்து ஹைட்ரஜனை ஏற்றுவர். பொடி கீழே இறங்கிச் செறிகிறது. செறிந்த பொடி மறுமுறை பருக்கும்போது விரிய இடமின்றிக் குழாயின் சுவரையே தள்ளுகிறது. குழாய் உப்புகிறது, உருக்குலைகிறது. ஆகவே கலத்தை முழுதும் நிரப்பாமல் வெற்றிடம் விட்டு அடைக்க வேண்டும். பொடி ஓரிடத்தில் குவியாமல் தடுக்க வேண்டும். பஞ்சு என்று மட்டும் கேட்டு வளர்ந்த மாணவர் கலம் வடிவமைக்கும் நிலைக்கு வந்தால், இடம் விட வேண்டும் என்பது அவருக்கு எங்கிருந்து தோன்றும்? பஞ்சைத் திணித்து அடைப்பதில் யாருக்கும் அச்சமில்லை.

வெப்பமும் அத்தகையதே. இச்சேர்மம் ஹைட்ரஜனை ஏற்கும்போது சூடாகிறது. ஒரு கிலோ சேர்மம் முழுமையாக ஏற்கையில் எழும் வெப்பம், அரை லிட்டருக்கும் சற்று மிகுதியான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அவ்வெப்பத்தை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் சூடேறிய சேர்மம் மேலும் ஏற்க மறுத்துவிடும். விடும்போது மறுதலை: வெப்பம் கொடுத்தால்தான் விடும்; கொடுக்காவிட்டால் தானே குளிர்ந்து நின்றுவிடும். எனவே இத்துறையில் பெரும் உழைப்பு வளியைப் பற்றியதன்று, வெப்பத்தைப் பற்றியது. தமிழகத்தில் இதற்கு ஒரு நீண்ட ஆய்வு மரபு உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் சீனிவாச மூர்த்தியும் அவருடன் பணியாற்றியோரும், உலோக ஹைட்ரைடுகளைக் கொண்டு ஹைட்ரஜனைச் சேமிக்கும் கலங்களையும், அதே வெப்ப விளையாட்டைக் கொண்டு குளிரூட்டும் பொறிகளையும் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். அக்குழுவைச் சேர்ந்த முத்துக்குமார், பிரகாஷ் மையா ஆகியோர் அவருடன் சேர்ந்து 2005-இல் வெளியிட்ட சோதனைகளில், தூய லாந்தனத்துக்குப் பதிலாகக் கலப்பு அருமண் உலோகமும், நிக்கலில் ஒரு சிறு பகுதிக்குப் பதிலாக இரும்போ அலுமினியமோ சேர்ந்த சேர்மங்களும் பயன்பட்டன. அதே கழகத்தின் இயற்பியல் துறையில் ராம ராவ், ராமபிரபு ஆகியோரின் குழு, அருமண் சேர்மங்களில் ஹைட்ரஜன் புகுவதையும் அதனால் பண்புகள் மாறுவதையும் ஆராய்ந்தது. இவ்வளவும் நடந்தது சென்னையில். எழுதப்பட்டது ஆங்கிலத்தில். தமிழுக்கு வந்து சேர்ந்தது பஞ்சு மட்டும்.

கடற்பஞ்சு பொருந்தவில்லை என்றால் எது பொருந்தும்? மொழிபெயர்ப்பின் வழுக்கலால் வந்த பருத்திப் பஞ்சை முதலில் பார்க்கலாம். நூற்பாலைகளில் பணிபுரிந்தவர்கள் அறிவர்: பருத்தி காற்றிலுள்ள ஈரத்தைத் தன் இழைக்குள்ளேயே வாங்குகிறது. பருத்தி வணிகத்தில் உலர்ந்த எடைக்கு நூற்றுக்கு 8.5 பங்கு ஈரம் என்பது வழக்கமான அளவு. ஈரம் ஏறிய இழை பருக்கிறது. அதன் வலிமையும் கூடுகிறது. பெரும்பாலான இழைகள் நனைந்தால் நலிகின்றன, பருத்தியோ நனைந்தால் வலுக்கிறது. கோடையில் காற்று வறண்டால் இழை அறுந்துகொண்டே இருக்கும் என்பதற்காகவே ஆலைக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் பொறிகளை வைத்திருக்கிறார்கள். கோவையின் நூற்பாலைத் தொழிலே 'உள்ளே ஏறியது ஏற்றதை மாற்றும்' என்னும் உண்மையின் மேல் நடந்துவந்திருக்கிறது. ஆக, கடற்பஞ்சை மொழிபெயர்க்கப்போய்ப் பருத்திப் பஞ்சில் விழுந்தவர்கள், தெரியாமலே மூல உவமையைவிடச் சிறந்த உவமையில் விழுந்திருக்கிறார்கள். இது மொழிபெயர்ப்பாளர்க்குப் புகழா என்று கேட்டால், இல்லை. அவர்கள் அதை உணர்ந்து விளக்கவில்லையே.

இருப்பினும் பருத்தியிலும் குறை உண்டு. பருத்தி பொடியாவதில்லை. எழும் வெப்பமும் கைக்குத் தெரியாத அளவினது.

பொடியாதலுக்கு உவமை வேறிடத்தில் காத்திருக்கிறது. மதுக்கரைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைக்கும் கட்டியின் மேல் நீர் தெளித்தால் என்ன நிகழும் என்பது, வீட்டுக்கு வெள்ளையடித்துப் பழகிய தலைமுறைக்குத் தெரியும். கட்டி நீரைக் குடிக்கும். கொதிக்கும், ஆவி எழும். பருக்கும்; திண்மப் பருமன் ஏறத்தாழ இரு மடங்காகும். பின்பு வெடித்து, விரல் பட்டாலே உதிரும் வெண்பொடியாகும். இதற்குச் சுண்ணாம்பு நீற்றுதல் என்று பெயர். நீறுதல் தன்வினை, நீற்றுதல் பிறவினை, நீறு அதன் விளைபொருள். மூன்று வடிவமும் ஒரே வேரில் ஆயத்தமாக நிற்கின்றன. உலோகச் சேர்மம் ஹைட்ரஜனை ஏற்றுச் சூடாகிப் பருத்துப் பிளந்து பொடியாகும் நிகழ்வுக்கு, உலகமொழிகளில் தனிக் கலைச்சொற்கள் உள்ளன. தமிழில் அதனை 'வெடித்துச் சிதறல்' என்று பெயர்த்தால் வெடிமருந்தின் நினைவு வரும். 'சிதைவு' என்றால் பிணத்தின் நினைவு வரும். 'நீறுதல்' என்றால் நிகழ்வு முழுவதும், வெப்பம், பருமன், பொடி என அதன் வரிசை மாறாமல், சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. வினை, மெய் இரண்டிலும் பொருந்தும் உவமை இது. நிறத்தில் பொருந்தாது, நீறிய சுண்ணாம்பு வெண்மை, நீறிய சேர்மம் கருஞ்சாம்பல். பயனிலும் ஒரு வேறுபாடு உண்டு. நீறிய சுண்ணாம்பிலிருந்து நீரை முழுதும் பிரிக்க வேண்டுமானால் மீண்டும் சூளைக்கே போக வேண்டும். ஹைட்ரைடோ சிறிது வெதுவெதுப்புக்கும் அழுத்தக் குறைவுக்கும் இசைந்து தான் ஏற்றதை விட்டுவிடும். இந்த வேறுபாட்டையும் சேர்த்துச் சொன்னால் மாணவர் பெறும் அறிவு பஞ்சு தந்ததைப் போலப் பல மடங்கு.

கலைச்சொல்லாக்கம் இன்னும் பெரும்பாலும் அகராதியை அருகில் வைத்துக்கொண்டு நடைபெறுகிறது. சூளை, ஆலை, தறி, வார்ப்படப் பட்டறை ஆகியவற்றின் சொற்கள் அந்த மேசைக்கு வருவதில்லை. ஈழத்துப் பாடநூல்கள் ஹைட்ரஜனை 'ஐதரசன்' என்கின்றன. தமிழகத்தில் 'நீரகம்' என்பாரும் 'நீரியம்' என்பாரும் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு நடக்கும் வழக்கில் பாதியளவு அக்கறைகூட வினைச்சொல்லுக்குக் காட்டப்படுவதில்லை. ஹைட்ரஜனை எந்தப் பெயரால் அழைத்தாலும் அது செய்யும் வேலை மாறாது. அந்த வேலையைச் சொல்லும் வினை பிழைத்தால் அறிவு பிழைத்துவிடும்.

இப்பொருளில் தமிழருக்கு உள்ள உறவு சொல்லோடு நின்றுவிடவில்லை. லாந்தனம் கிடைக்கும் கனியங்களுள் தலையாய ஒன்று மோனசைட்டு மணல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரிலிருந்து செருமனிக்குச் சென்ற கயிற்றுநாரில் மணல் ஒட்டியிருந்தது. அம்மணலில் மோனசைட்டு மின்னுவதைச் சோம்பர்க் என்னும் செருமானியர் 1909-இல் கண்டார். அடுத்து அவர் வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது, 1956 முதல் தமிழகத்தின் குமரி மாவட்டத்தைச் சேர்ந்தது. தென்னைமட்டையை உப்பங்கழியில் ஊறவைத்து, அடித்து, நாரெடுத்துக் கயிறு திரித்தவர்களின் கைமணல் ஐரோப்பியச் சோதனைச்சாலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அன்று அவர்கள் வேண்டியது லாந்தனம் அன்று. வளிவிளக்கின் வலைத்திரிக்கான தோரியம். நாடு விடுதலை பெற்றபின் 1950-இல் இந்திய அருமணல் நிறுவனம் தோன்றியது. மோனசைட்டைப் பிரித்து அருமண் உலோகச் சேர்மங்களை எடுக்கும் ஆலை 1952-இல் கேரளத்து ஆலுவாயில் இயங்கத் தொடங்கியது. மணலை இழந்த கரையின் கதையும் இதனுள் அடங்கும். கிள்ளியூர் வட்டத்துக் கடற்கரை ஊர்களில் புதிதாக மணல் எடுக்கும் திட்டத்தை 2024-இல் மீனவ மக்கள் எதிர்த்து நின்றனர். மாசற்ற எரிபொருள் என்று போற்றப்படும் ஹைட்ரஜனுக்கு வீடு கட்ட எந்த ஊரின் கரை தோண்டப்படுகிறது என்பதைக் கவிஞர்கள் கேட்கலாம். கேட்பதற்கு முன் கரை எது, கனியம் எது என்று அறிந்திருப்பது நல்லது. மோனசைட்டிலுள்ள தோரியம் கதிர்வீசுவது, லாந்தனம் அவ்வகையில் அஞ்சத்தக்கதன்று. இரண்டையும் ஒன்றாக்கி எழுதப்பட்ட பாடல்கள் போராட்டத்துக்கும் உதவா, பொருளுக்கும் உதவா.

இச்சேர்மங்களின் பயனைச் சுருக்கமாகக் கூறலாம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில், 2021-இல் மறைந்த பேராசிரியர் ஓங்கார் நாத் ஸ்ரீவஸ்தவாவின் குழு, ஹைட்ரைடுக் கலம் பொருத்திய இருசக்கர வண்டிகளையும் மூன்று சக்கர வண்டிகளையும் ஓட்டிக் காட்டியது. எடையே தடையாயிற்று. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு எழுபது கிலோவுக்கும் மேற்பட்ட சேர்மத்தைச் சுமக்க வேண்டும். சென்னைப் பெரம்பூர்த் தொடர்வண்டிப் பெட்டித் தொழிலகத்தில் 2025-இல் சோதிக்கப்பட்ட ஹைட்ரஜன் தொடர்வண்டி, வளியை அழுத்திய உருளைகளையே நம்புகிறது. சேர்மம் வென்ற இடம் மின்கலம். நீறுதலே அங்கும் பகையாக வந்தது: மின்னேற்றும்போதெல்லாம் ஹைட்ரஜன் புக, இறக்கும்போதெல்லாம் வெளியேற, சேர்மம் பொடிந்து அரிபட்டது. பிலிப்ஸ் ஆய்வகத்து வில்லெம்ஸ் 1984-இல் நிக்கலில் ஒரு பகுதியை நீக்கிக் கோபால்ட்டைச் சேர்த்துப் பருத்தலைக் குறைத்தார். அதனால் மின்கலத்தின் ஆயுள் நீண்டது. டொயோட்டா நிறுவனம் 1997-இல் வெளியிட்ட பிரியஸ் காரில் இருந்தது இவ்வகை மின்கலமே.

இதுவரை பேசப்பட்டவை பருமனும் பொடியும் வெப்பமும். இவற்றுக்கு உவமை கிடைத்துவிட்டது. கிடைக்காதவை உள்ளன. ஆம்ஸ்டர்டாமில் கிரீசென் என்பாரின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இட்ரியம், லாந்தனம் ஆகிய உலோகங்களின் மெல்லிய ஏட்டின் மேல் பல்லேடியத்தைப் பூசி ஹைட்ரஜனைச் செலுத்தினர். ஏடு முதலில் கண்ணாடி போல் முகம் காட்டிக்கொண்டிருந்தது. ஹைட்ரஜன் மேலும் ஏற ஏற, அதே ஏட்டின் வழியே மறுபுறம் தெரிந்தது. மின்சாரத்தைக் கடத்திய உலோகம் மின்சாரத்தைத் தடுப்பதாயிற்று. ஹைட்ரஜனை வெளியேற்றினால் மீண்டும் முகம் காட்டியது. ஆடி சாளரமாகிறது, சாளரம் ஆடியாகிறது. இடையில் வந்து போவது கண்ணுக்குத் தெரியாத வளி ஒன்றே.

இதனினும் வியப்பானது 2018-இல் வந்தது. லாந்தனம், இரும்பு, சிலிக்கன் மூன்றும் சேர்ந்த, அடுக்கடுக்காக அமைந்த ஒரு சேர்மம். இரும்பும் சிலிக்கனும் ஓரடுக்கு. அவற்றுக்கிடையே லாந்தனம் இரட்டை வரிசையாக நிற்கும். பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர்கள் அதனுள் ஹைட்ரஜனைப் புகுத்தினர். நான்கு லாந்தனம் அணுக்கள் சூழ்ந்த பொந்தின் நடுவே ஒவ்வொரு ஹைட்ரஜனாகச் சென்று அமர்ந்தது. இரும்பின் அடுக்கை அது தொடவே இல்லை. இருந்தும், பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 262 டிகிரி செல்சியசில் அச்சேர்மம் மின்தடையை முற்றும் இழந்து மீக்கடத்தியாயிற்று. வளி புகாத நிலையில் அதே சேர்மம் அவ்வாறு ஆவதில்லை.

அமர்ந்தது லாந்தனத்தின் நடுவில். பண்பு மாறியது தொலைவில், தொடப்படாத அடுக்கில். பருத்திக்கு ஈரம் இழைக்குள்ளேயே ஏற வேண்டும். சுண்ணாம்புக்கு நீர் கட்டியையே தொட வேண்டும். ஓரடுக்கில் ஒருவர் வந்து அமர, தொடப்படாத அடுத்த அடுக்கு தன் இயல்பு மாறுகிற இந்நிகழ்வுக்கு வினையாலும் மெய்யாலும் ஒத்த உவமை, சூளையிலும் ஆலையிலும் தேடியும் இதுவரை அகப்படவில்லை.